சூசையின் சேட்டில் இருந்த மணம்

தலைவரே, சூசை குடித்துச் சாகவில்லை. நீங்கள் பொய் சொல்கிறீர்கள். வருடாவருடம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொல்கிறீர்கள்.

வாசிக்கிற உங்களுக்கு இந்தத் தலைவரைத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு சங்கம் நடத்துகிறார். பொங்கல் விழா வைப்பார், விளையாட்டுப் போட்டி வைப்பார், கோடை விடுமுறைக்கு முன்னால் இளம் பிள்ளைகளைக் கூட்டிக் குடியின் கேடு பற்றிப் பேசுவார். நல்ல காரியங்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த நாட்களில் நாங்கள் அவரைப் பெரியண்ணை என்று கூப்பிட்டோம். எனக்கு இன்னும் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது.

போன கூட்டத்துக்கு என் மகள் ரோல்ஸ் பரிமாறப் போயிருந்தாள். இங்கே பிறந்தவள், படித்து வேலைக்குப் போகிறவள். திரான்சியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டாள்: "பியருக்குப் பக்கத்தில் செத்துக்கிடந்த அந்த மாமாவை உங்களுக்குத் தெரியுமா?" முழுவதும் பிரெஞ்சில் கேட்டாள். 'மாமா' என்ற சொல் மட்டும் தமிழ்.

"ஆர் சொன்னது?"

அவள் தலைவரின் குரலை அப்படியே பேசிக்காட்டினாள். அதை மட்டும் நல்ல தமிழில் சொன்னாள். "கவ்வுக்குள்ளை ஒளிச்சிருந்து குடிச்சுக் குடிச்சு, பீப்பாவைக் கட்டிப்பிடிச்சபடி செத்தவன். சேட்டு முழுக்கப் பியர். நானே கண்ணாலை கண்டனான், பிள்ளையள்." கவ் என்றால் பப்பின் நிலவறை.

"பிள்ளையள் சிரிச்சவையோ?"

"ஓம். கொஞ்சப் பேர்."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு லாச்சப்பலுக்குப் போனேன். "வா, காட்டுறன்" என்றேன். எதைக் காட்டப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சூசையும் நானும் வேலை செய்த பப் எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் உடைந்த கைபேசிக் கண்ணாடி மாற்றுகிற கடை. உள்ளே நின்ற பையன் எங்களைப் பார்த்து, "அண்ணை, எந்த மொடல்?" என்றான்.

லண்டன் ரயில் வந்து போகிற ஸ்டேசன் பக்கமாக நடந்தோம். அங்கே ஒரு பப். வெளியே நின்று கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கவுண்டரில் மரக் கைபிடிகள் நீட்டிக்கொண்டு நின்றன. அந்தக் கைபிடிகளை நான் பல வருடங்களாகக் காணவில்லை. என் கால் தானாக உள்ளே போய்விட்டது.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடக் கன்ரீனில் சமைக்கிறேன். பியர் குடிக்கிற பழக்கம் எனக்கில்லை. கலியாண வீட்டில் யாரும் விஸ்கி நீட்டினால் மறுத்துப் பேசி அவர்களைக் கவலைப்படுத்துவதும் இல்லை. அவ்வளவுதான் என்னுடைய ஒழுக்கம். "பிட்டர்" என்று கேட்டேன், ஆங்கிலேயரின் கசப்புப் பியர். கவுண்டரில் நின்ற வெள்ளைப் பொடியன் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தான். இந்த ஆள் ஏன் இதைக் கேட்கிறான் என்ற பார்வை. பிறகு கைபிடியைப் பிடித்து மெதுவாக இழுத்தான். விட்டான். திரும்ப இழுத்தான். கீழே எங்கேயோ ஒரு மூச்சு வாங்கிற சத்தம்.

பால் விடாத பிளேன்ரீயின் நிறம். மேலே மெல்லிய நுரை, அதுவும் உடனே அடங்கிவிடும். குளிர்ந்தும் இருக்காது, சூடாகவும் இருக்காது, நிலவறையின் குளிர் எவ்வளவோ அவ்வளவு. மகள் முதலில் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, இது பழுதாப்போச்சு. காஸ் இல்லை. தியேத்." தியேத் என்றால் வெதுவெதுப்பு.

"இல்லையம்மா. இது இப்பிடித்தான்."

நான் குடித்தேன். முதலில் ஒன்றும் தெரியாது. ஊறின பாண் கரை மாதிரி ஒன்று. பிறகு கொஞ்சம் கருகின சீனி. விழுங்கி முடிந்தது என்று நினைக்கிறபோதுதான் அடிநாக்கில் கசப்பு வரும். வேப்பம்பூ வடகத்தைக் கடித்தவர்களுக்கு அந்தக் கசப்புத் தெரியும். பிந்தி வரும், வந்தால் போகாது.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். கிளாசைத் தலைக்கு மேலே தூக்கி, வாயைத் திறந்து, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றினேன். பாதி வாய்க்குள், பாதி கழுத்தில், மிச்சம் சேட்டில்.

"அப்பா! என்ன செய்யிறீங்கள்? ஆக்கள் பாக்கினம்!"

பார்த்தால் பார்க்கட்டும். கவுண்டர்ப் பொடியன் சிரித்துக்கொண்டு கடதாசித் துண்டுகள் நீட்டினான். நான் துடைக்கவில்லை. சேட்டு நெஞ்சில் ஒட்டி ஈரமாகி, அந்த மணம் மேலே வந்தது. ஈரப் பலகையும் புளிச்ச மாவும் கலந்த மணம். சூசை எனக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. மாதிரி என்ன, நின்றான்.

சாதாரண பியரை இப்படிக் குடிக்க முடியாது. காஸ் மூக்கால் வந்துவிடும். செம்புத் தண்ணியைப் போல அண்ணாந்து குடிக்கக்கூடிய பியர் இது ஒன்றுதான். இதைக் கண்டுபிடித்தவன் சூசை. ஆங்கிலேயர் இத்தனை காலம் குடித்தும் அவர்களுக்கு இது தெரியாது.

சூசை யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பொடியன். மெலிந்த ஆள், பெரிய காது. எங்களோடு ஒரே அறையில் இருந்தான். ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடி, ஒரு அறைக்குள் நாங்கள் எத்தனை பேர் என்று வீட்டுக்காரனுக்கும் தெரியாது, எங்களுக்கும் சரியாகத் தெரியாது. இரவு வேலைக்காரன் எழும்பின பாயில் பகல் வேலைக்காரன் படுப்பான். அந்த அறையில் சூசையின் சேட்டுக்கு மட்டும் உள்ளே இடமில்லை. கழற்றினவுடன் யாராவது அதை எடுத்து யன்னலுக்கு வெளியே கம்பியில் கொழுவிவிடுவான். அவ்வளவு பியர் மணம். தெருவில் வரும்போதே மேலே அந்தச் சேட்டு ஆடுவதைப் பார்த்து, சூசை வந்துவிட்டான் என்று தெரிந்துகொள்வோம்.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'தவறணை', கள்ளுக்கடை. கதவைத் திறந்து அவன் வந்தால், "தவறணை திறந்தாச்சு, வாங்கோடா" என்று ஒருவன் கத்துவான். "சூசை, உன்ரை சேட்டைப் பிழிஞ்சால் ஒரு கிளாஸ் வரும்" என்பான் இன்னொருவன்.

"பிழிஞ்சு குடியடா. எனக்குத்தான் நேர்த்தி. சேட்டுக்கு இல்லை" என்பான் சூசை.

நேர்த்தி என்று அவன் சொன்னது விளையாட்டு இல்லை. அவனுடைய தகப்பன் குடிவெறியில் வள்ளத்தில் போய்த் திரும்பி வராதவர். அதற்குப் பிறகு தாய் மகனை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் முழங்காலில் விட்டு, சாராயமோ கள்ளோ பியரோ ஒரு துளி தொண்டைக்குள் இறக்கமாட்டேன் என்று சொல்ல வைத்தார். அப்படிச் சத்தியம் செய்த பொடியன் பாரிசுக்கு வந்து கிடைத்த வேலை என்ன? பப்பின் நிலவறையில் பியர் பார்க்கிற வேலை. அந்தோனியாருக்கும் பகிடி விடத் தெரிந்திருக்கிறது.

வேலை எடுத்துத் தந்தது பெரியண்ணைதான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் அந்த பப் குசினியில் சமையல்காரருக்கெல்லாம் பெரியவர். எங்கள் எல்லோருக்கும் முதல் வந்தவர், பிரெஞ்சு தெரிந்தவர். என்னைக் கிளாஸ் கழுவ விட்டார், சூசையைக் கவ்வுக்கு அனுப்பினார். கடையின் பத்ரோன், அதாவது முதலாளி, ஒரு ஆங்கிலேயன், சிவந்த கழுத்து, நல்ல மனிதன் என்றுதான் நினைத்திருந்தேன். பிட்டர் மட்டும் அவன் ஊரிலிருந்து பீப்பாவில் வரும். பீப்பாவை இறக்கிச் சரித்து வைத்து மண்டி அடங்க விடவேண்டும். ஆட்டக்கூடாது. யாராவது பக்கத்தில் போனால் சூசை விரலை உதட்டில் வைப்பான். "நித்திரை. எழுப்பாதேங்கோ."

பீப்பா திறந்தால் ஒவ்வொரு நாளும் கடை திறக்க முதல் ருசி பார்க்கவேண்டும். புளித்துவிட்டதா, இன்னும் நாள் தாங்குமா என்று. அதற்கு ஒரே ஒரு கிளாஸ், தட்டில் இருக்கும். பத்ரோனும் அதில்தான் வாய் வைப்பான். எச்சில் கிளாசில் சூசை வாய் வைப்பானா? அண்ணாந்து ஊற்றுவான். வாய்க்குள் சுழற்றி, கொப்புளித்து, தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் துப்புவான். ஒரு துளி உள்ளே இறங்காது. இறங்காததெல்லாம் சேட்டில் இறங்கும்.

பத்ரோனுக்கு அது விளங்கவில்லை. விழுங்கினால்தான் கசப்புத் தெரியும் என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுவான். சூசைக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். "மதர்" என்பான். நெஞ்சில் சிலுவை போட்டு, "பிராமிஸ்" என்பான். பத்ரோன் கடைசியில் கையை விரித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் துப்பினவனின் நாக்குச் சொன்னதை அவன் கேட்டான். சூசை வேண்டாம் என்று தலையாட்டின பீப்பாவைத் திருப்பி அனுப்பினான்.

இனி நிலவறையில் ஓடின காற்றாடி. இதைத்தான் சொல்ல வந்தேன், ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிட்டருக்குக் காஸ் தேவையில்லை, கையால் இழுப்பது. மற்றப் பியர்களுக்கு அதே நிலவறையில் காஸ் சிலிண்டர்கள் நின்றன. அந்தக் காஸ் ஒழுகினால் மணக்காது. கண்ணுக்கும் தெரியாது. கீழே போய்ப் படுத்துக்கொள்ளும், அங்கே நிற்கிறவனின் மூச்சை அடைத்துவிடும். அதை வெளியே இழுக்கத்தான் சுவரில் ஒரு பெரிய காற்றாடி. வள்ளத்து எஞ்சின் மாதிரிச் சத்தம். அதனுடைய ஸ்விட்ச் மேலே, நான் கிளாஸ் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு கடதாசி, பிரெஞ்சில். 'ஒருபோதும் நிறுத்தக்கூடாது.' அதன் அர்த்தம் இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது சுவரில் ஒட்டிய கடதாசி, காற்றாடி ஒரு சத்தம். எங்களில் அதை வாசிக்கத் தெரிந்தவர் பெரியண்ணை ஒருவர்தான்.

ஸ்விட்ச்சுக்கு எதிரே ரெலிபோன். அப்போது பெரியண்ணைக்குக் கனடாவில் ஒரு கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே மத்தியானம் என்றால் அங்கே விடியற்காலை. பெண்ணின் தகப்பனை வேலைக்குப் போக முதல் பிடிக்கவேண்டும். ஆகவே கடை திறக்கிற நேரம் பார்த்துத்தான் எடுப்பார். அன்றைக்கும் எடுத்தார். வெக்கை நாள். "மாமா, சத்தமாய்ச் சொல்லுங்கோ... என்ன? கேக்கேல்லை, மாமா." ஒரு காதைப் பொத்தினார். திரும்பி, "உந்தச் சனியன்ரை சத்தம்" என்றார். கையை நீட்டி ஸ்விட்ச்சைத் தட்டினார்.

சத்தம் நின்றது.

இன்றைக்கும் என் வீட்டில் குசினிக் காற்றாடி ஓடிக்கொண்டே இருக்கும். மனைவி நிறுத்தினால் நான் எழும்பிப் போய்ப் போடுவேன். முதலில் சண்டை பிடித்தாள். இப்போது விட்டுவிட்டாள்.

பெரியண்ணை நல்ல சந்தோசமாகப் பேசினார். பெண் வீட்டுக்குச் சம்மதம் போல. ரெலிபோனை வைத்துவிட்டு, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சிகரட் பிடிக்க வெளியே போனார். ஸ்விட்ச்சை மறந்துவிட்டார். சூசை அதற்கு முதலே கீழே போயிருந்தான், அன்றைய ருசி பார்க்க.

பத்ரோன் வந்து கவ்வின் வாசலில் நின்று கூப்பிட்டான். பதில் இல்லை. பாதிப் படி இறங்கினவன் இருமிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். கத்தினான். எங்களை எல்லாம் வெளியே தள்ளினான். தெருவுக்கு ஓட முதல் நான் திரும்பிப் பார்த்தேன். காற்றாடி ஓடத் தொடங்கியது. பெரியண்ணை ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் நின்றார். அவரும் என்னைப் பார்த்தார்.

தீயணைப்புக்காரர் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். தலைவரே, குடிவெறியில் விழுந்த ஒருவனைத் தூக்க எதற்கு முகமூடி?

சூசையை நடைபாதையில் கிடத்தினார்கள். சேட்டு நனைந்திருந்தது. கடைக்கு முன்னால் நின்ற எங்கள் ஆட்களில் ஒருவர், "மணக்குது, பாருங்கோ" என்றார். எங்கள் அறைக்காரன் ஒருவன், பகிடி விட்டுப் பழகின வாய், அழுதுகொண்டே, "ஐயோ தவறணை" என்றான். அவன் வேறு அர்த்தத்தில் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு அதுவே போதும்.

பொலிஸ் வந்தது. நான் கண்டதைச் சொல்ல வேண்டும் என்று முன்னால் போனேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ஆம் என்கிற 'வூய்', நன்றி என்கிற 'மெர்சி', பிறகு சட்டியோடு வரும்போது குசினியில் கத்துகிற 'சோ, சோ', சூடு விலகு என்று. பொலிஸ்காரன் சுற்றிப் பார்த்து, இவனுக்கு யார் மொழிபெயர்ப்பது என்று கேட்டான். யார் வந்தது என்று நினைக்கிறீர்கள்? பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவர்தானே.

நான் காற்றாடியைச் சொன்னேன். ரெலிபோனைச் சொன்னேன். ஸ்விட்ச்சைத் தட்டின கையைச் சொன்னேன், அந்தக் கைக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினேன். பொலிஸ்காரன் என் விரலைப் பார்த்துவிட்டுப் பெரியண்ணையிடம் ஏதோ கேட்டான். நான் அவ்வளவு நேரம் சொன்னதற்கு அவர் சொன்னது இரண்டு வசனம். அதில் 'பியேர்' என்ற சொல் இருந்தது. நான் பியர் என்று சொல்லவே இல்லை. பொலிஸ்காரன் பெருவிரலை வாய்க்கு நேரே பிடித்துக் குடிக்கிற மாதிரி காட்டி, அப்படியா என்று என்னைக் கேட்டான். நான் "நோ, நோ" என்று கத்தினேன். பெரியண்ணை என் தோளில் கைபோட்டு, "கூட்டாளி. அழுறான்" என்று அவனுக்குப் பிரெஞ்சிலும் எனக்குத் தமிழிலும் சொன்னார்.

பத்ரோனுக்கும் உண்மை தெரியும். சவ அடக்கத்துக்கு வந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணாந்து ஊற்றித் துப்புவது போலக் கையால் காட்டினான். இல்லை என்று தலையாட்டினான். கண் கலங்கினான். பிறகு அவனும் வாயைத் திறக்கவில்லை. காஸ் ஒழுகியது என்று வந்தால் அவன் கடை போகும், காற்றாடி என்று வந்தால் பெரியண்ணை போவார். குடிகாரன் என்று வந்தால் எல்லோருக்கும் சுகம். செத்தவன் மறுத்துப் பேசமாட்டான்.

நான் பேசினேன். அறையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், லாச்சப்பலில் கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் சொன்னேன். "விடடாப்பா, அந்தாள்தான் உனக்கும் வேலை எடுத்துத் தந்தது" என்றார்கள். "உனக்குக் காட் வேணுமோ வேண்டாமோ?" என்றார்கள். இங்கே இருக்கவிடுகிற காட் என்றால் அப்போது கடவுள். கனடாக் கலியாணமும் நடந்தது.

பாசையூருக்குச் செய்தி சொன்னதும் பெரியண்ணைதான். சண்டை எல்லாம் முடிந்து ஊருக்குப் போகக்கூடியதாக வந்தபோது நான் சூசையின் தாயைப் பார்க்கப் போனேன். சுவரில் சூசையின் படம் இல்லை. தகப்பனின் படமும் இல்லை. அந்தோனியார் மட்டும் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாந்து ஊற்றுவதை, துப்புவதை, சிலுவை போடுவதை எழும்பி நின்று நடித்தே காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"நீ அவன்ரை கூட்டாளி, தம்பி. நீ வேறை என்னத்தைச் சொல்லுவாய்?"

அவ்வளவுதான். மகனுடைய பாவத்தைப் பொறுக்கச் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுத்துக்கொண்டே இருந்தாராம். செய்யாத பாவத்துக்கு. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சனிக்கிழமை பப்பை விட்டு வெளியே வந்து மகளும் நானும் திரும்ப அந்தக் கைபேசிக் கடைக்கு வந்தோம். நடைபாதையில் ஒரு இரும்புக் கதவு இருந்தது, பீப்பாவை இறக்குவதற்கு. அதைத் தேடினேன். இல்லை. தார் போட்டு மூடிவிட்டார்கள். ஈரச் சேட்டோடு அதற்கு மேலே நின்றேன். நாங்கள் இருந்த கட்டிடத்தையும் காட்டினேன். சுவரை வெள்ளையாகப் பூசி, யன்னல் எல்லாம் மாற்றி, சேட்டுக் கொழுவின கம்பியையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அறையில் இருந்தவர்களில் ஒருவன் ஆர்ஜொந்தெயில் வீடு வாங்கிவிட்டான், இருவர் செத்துவிட்டார்கள், மற்றவர்கள் இதைப் பேச விரும்புவதில்லை. அந்த பப் இல்லை, பத்ரோன் இல்லை, தாய் இல்லை. காற்றாடி நின்றதைக் கேட்ட காதுகளில் மிஞ்சியது உங்களுடையதும் என்னுடையதும்தான்.

ஆக்கள் பார்க்கிறார்கள் என்று மகள் இந்த முறை சொல்லவில்லை. என் சேட்டை மோந்து பார்த்தாள். "இந்த மணமோ?" என்றாள். தமிழில் கேட்டாள்.

தலைவரே, நீங்கள் சூசையைக் கொன்றீர்கள் என்று நான் சொல்லவில்லை. மறந்தீர்கள். மாப்பிள்ளையாகப் போகிற சந்தோசத்தில் யாரும் மறப்பான். அதை அன்றைக்கே அந்தத் தாய்க்குச் சொல்லியிருந்தால், அழுதுவிட்டு மகனின் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பார். நீங்கள் அவனைக் குடிகாரனாக்கினீர்கள். ஒரு முறை பொலிசுக்கு, ஒரு முறை தாய்க்கு, பிறகு ஒவ்வொரு வருடமும் எங்கள் பிள்ளைகளுக்கு.

அடுத்த கூட்டத்துக்கு நான் வருவேன். முன்வரிசையில் இருப்பேன். மகளும் வருவாள். இந்த முறை நான் சொல்வதை அவள் மொழிபெயர்ப்பாள், தமிழ் விளங்காத பிள்ளைகளுக்கும் விளங்கும்படி, ஒரு சொல்லும் விடாமல். நீங்கள் சொல்வதையும்தான்.

ஒலிவாங்கியைப் பிடியுங்கள். பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே சொல்லுங்கள். காற்றாடியை நிறுத்தியது யார்?